திரு. முனிரத்தினம் அவர்களுக்கு

கடிதம் என் அப்பா பேருக்குத்தான் வருகிறது.
"அன்புள்ள திரு. முனிரத்தினம்,
உங்கள் விண்ணப்பம் வரிசையில் இருக்கிறது."
அப்பா செத்து ஒன்பது வருஷம்.
பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள்,
எழுதினேன்.
அன்றிலிருந்து தயாளன் என்பது
முனிரத்தினத்துக்கு முன்னால் ஒட்டிக்கிடக்கும் ஒரு சொல்.
லாரி புக்கிங் ஆபீஸ் நாற்காலியிலேயே காலம் தள்ளியவர்,
காட்பாடி ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் அதிகம் போகாதவர்.
அவரை யுவராணியோடு சேர்த்துவைப்பதா வேண்டாமா என்று
நியூசிலாந்தில் ஒரு மேஜை
பதினேழு மாதமாக யோசிக்கிறது.
அம்மாவிடம் சொன்னேன்.
"அங்கயாவது போய் நாலு காசு சம்பாரிக்கட்டும்" என்றாள்.

யுவராணி இன்வர்கார்கிலில்,
முதியோர் இல்லத்தில், நைட் டியூட்டி.
நான் ராத்திரி தோசைக்கு உட்காரும்போது
அவளுக்கு விடியப் போகிறது.
யாரையோ புரட்டிப் படுக்கவைத்துவிட்டு
காரிடாரில் நின்று பேசுவாள், கிசுகிசுவென்று,
களவாகப் பேசுகிறவள் மாதிரி.
கல்யாணமாகி ஒரே கூரைக்குக் கீழே
நாற்பத்தொரு நாள் இருந்தோம்.
அதில் மூன்று நாள் அவளுக்குக் காய்ச்சல்.

உறவு உண்மை என்று காட்ட வேண்டுமாம்.
படங்கள் அனுப்பினோம்.
எல்லாப் படத்திலும் எங்களுக்கு நடுவில்
ஒரு மாமா நிற்கிறார்.
பேசிக்கொண்டதை அனுப்பினோம்.
"சாப்டியா" இருநூற்றுப் பதினொரு தடவை.
மொழிபெயர்த்தவர் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு
அத்தனைக்கும் காசு வாங்கினார்.
இங்கிலீஷில் படித்துப் பார்த்தேன்,
ஓட்டல் சர்வர் எழுதியது போல் இருந்தது.
வீட்டுக்கார சம்பங்கி அம்மா சாட்சிக் கடிதம் கொடுத்தார்:
"இவங்க சண்டை போட்டதை
சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டிருக்கேன்."
ஏஜென்ட் அந்த வரியை அடிக்கப் பேனா எடுத்தார்.
விடுங்க சார், என்றேன்,
இருப்பதிலேயே நல்ல சாட்சி அதுதான்.

சத்துவாச்சாரியில் காத்திருக்கும் முதல் ஆள் நான் இல்லை.
கோட்டைக்குள் போக வழியில்லாமல்
ஜலகண்டேஸ்வரரே இங்கேதான் இருந்தார் என்பார்கள்.
டவுன் பஸ் ஏறினால் இறங்கிவிடலாம், அவ்வளவு தூரம்.
அதற்கு எத்தனை தலைமுறை!
எண்பத்தொன்றில் ஒருநாள் கொண்டுபோய் வைத்தார்கள்.
சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்று
ஊரைக் கேலி பேசுகிறவர்களுக்கு
ஒன்று குறைந்தது.
அந்த இடத்தில் சம்பங்கி அம்மா
பொண்டாட்டியில்லாப் புருஷனைச் சேர்த்திருக்கிறார்.
இருந்தாலும் சிவனிடம்
அம்பாளோடு எடுத்த படம் எங்கே என்று
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காந்தி ரோட்டு ஸ்கேன் சென்டரில் எனக்கு வேலை.
ஒரு நாளைக்கு அறுபது நெஞ்சு.
மூச்சை இழுங்க, புடிங்க, அசையாதீங்க.
கொல்கத்தாவிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களுக்கு
ஷாஷ் நின், தோரே ராகுன்.
என் நெஞ்சை மட்டும் நான் எடுத்தால் செல்லாது,
சென்னையில் அவர்கள் சொன்ன இடத்தில் எடுக்க வேண்டும்.
எடுத்தேன். பழசாகிவிட்டது என்றார்கள்.
மறுபடி ரயிலேறிப் போய்
சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.
அங்கே ஒரு சின்னப் பையன்
எனக்கே சொல்லிக்கொடுத்தான்,
தோளை முன்னாடி தள்ளுங்கண்ணா என்று.

நேற்று மத்தியானம் ஒரு பெரியவர்,
மால்டாவிலிருந்து, முதுகெலும்பு எண்ணலாம்.
பலகையில் நெஞ்சை வைத்து நிறுத்தினேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
தோரே ராகுன் என்றேன்.
பட்டனை அழுத்தினேன்.
போன் அதிர்ந்தது.
"அன்புள்ள திரு. முனிரத்தினம்,
உங்கள் பொறுமைக்கு நன்றி."
கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று
தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
முகவரி இருந்தது. அதற்குக் கீழே வெள்ளை.
மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தேன்.

நிமிர்ந்தால்
பெரியவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.
கழுத்து நரம்பு புடைத்து,
கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி,
அசையாமல்.

சாருன், சாருன் என்று கத்தினேன்.

விட்டார்.
படம் தெளிவாக வந்திருந்தது.